ஊனுண்ணி டைனோசர்களில் எது பெரியது? எலும்பை வைத்து அளவு ஒப்பிடும் முழு வழிகாட்டி

டி. ரெக்ஸ், ஜிகானோட்டோசாரஸ், ஸ்பைனோசாரஸ் மூன்றில் எது பெரியது என்று தேடினால் நூறு பட்டியல்கள் வரும். பெரும்பாலானவற்றில் ஒரு விலங்கின் நீளம் 1995 ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்தும், இன்னொன்றின் எடை 2011 ஆம் ஆண்டுக் கணினி மாதிரியிலிருந்தும், மூன்றாவதன் அளவு ஒரே ஒரு மூக்குத்துண்டிலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கும். இவற்றை அருகருகே வைப்பதால் மட்டும் அது ஒப்பீடு ஆகிவிடாது. எலும்பிலிருந்து தொடங்கி, நியாயமாக ஒரு முடிவுக்கு வரும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

தேவைப்படுபவை குறைவுதான். மடக்கை (log) பொத்தான் உள்ள கால்குலேட்டர் அல்லது எக்செல் தாள், அந்தந்த விலங்கை முதலில் விவரித்த ஆய்வுக்கட்டுரை, பொறுமை. எலும்பை நேரில் அளக்க வாய்ப்பிருந்தால் தையல்காரர் டேப்பும் ஒரு பெரிய காலிப்பரும் வேண்டும்.

முதலில்: எந்த அளவை ஒப்பிடுகிறீர்கள்?

"பெரியது" என்பதற்குள் நீளம், இடுப்பு உயரம், உடல் எடை என்று குறைந்தது மூன்று அளவுகள் இருக்கின்றன. எல்லோரும் முதலில் கேட்பது நீளத்தை. இருப்பவற்றில் மிகவும் பலவீனமானதும் அதுதான், வால்தான் காரணம். வாலின் நுனி எலும்புகள் சிறியவை. மண் மூடுவதற்கு முன்பே சிதறிவிடும், அல்லது அரித்துப்போகும். தொல்லுயிர் ஆய்வாளர் டேவிட் ஹோன் 2012 இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு விஷயங்களைக் காட்டியது. முழு வாலோடு கிடைத்த டைனோசர்கள் மிகக் குறைவு. அப்படிக் கிடைத்தவற்றிலும், நெருங்கிய உறவுள்ள இனங்களுக்கிடையே கூட வால் நீளம் கணிசமாக மாறுகிறது. ஆகவே "12 மீட்டர்" என்று படித்தால், அதில் எத்தனை மீட்டர் எலும்பு, எத்தனை மீட்டர் ஊகம் என்று கேட்டுவிடுங்கள்.

உடலின் மொத்தப் பருமனைச் சொல்வது எடை. ஆனால் எடையை யாரும் அளக்க முடியாது, கணக்கிடத்தான் முடியும். நேரடியாக அளக்கக்கூடியது எலும்பு. அதனால் ஒப்பீட்டை எலும்பில் தொடங்கி எடைக்குப் போக வேண்டும். எடை எண்ணை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு தொடங்கினால் அடித்தளமே இருக்காது.

இனத்தை அல்ல, மாதிரியை எழுதுங்கள்

தாளின் முதல் நிரலில் "டி. ரெக்ஸ்" என்று எழுதாதீர்கள். மாதிரியின், அதாவது கிடைத்த ஒரு தனி விலங்கின் எலும்புகளின், அருங்காட்சியகப் பதிவு எண்ணை எழுதுங்கள். சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் "சூ" என்ற டி. ரெக்ஸின் எண் எஃப்எம்என்எச் பிஆர் 2081. 1990 இல் தெற்கு டகோட்டாவில் கிடைத்தது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1991 இல் கண்டுபிடிக்கப்பட்ட "ஸ்காட்டி"யின் எண் ஆர்எஸ்எம் பி2523.8. அர்ஜென்டினாவின் நெயுகேன் மாகாணத்தில் ரூபென் கரோலினி 1993 இல் கண்ட ஜிகானோட்டோசாரஸ் எலும்புக்கூடு எம்யுசிபிவி-சிஎச்1. அதே இனத்தின் இரண்டாவது மாதிரியான எம்யுசிபிவி-95 ஒரு கீழ்த்தாடைத் துண்டு மட்டுமே.

பதிவு எண் வந்தவுடன் தகராறுகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும். "ஜிகானோட்டோசாரஸ் 13.2 மீட்டர்" என்பவரும் "12.5 மீட்டர்" என்பவரும் ஒரே விலங்கைப் பற்றிப் பேசவில்லை. முதல் எண் தாடைத் துண்டுக்கு, இரண்டாவது எண் எலும்புக்கூட்டுக்கு.

அடுத்த நிரல்களில் இவை வரட்டும்: கிடைத்த இடம், கிடைத்த எலும்புகள், தொடை எலும்பின் நீளம், தொடை எலும்பின் குறைந்தபட்சச் சுற்றளவு, அந்த அளவை எடுத்தவர், வளர்ச்சி நிலை. எடைக்கான நிரல் கடைசியில்தான்.

எலும்பு யாருடையது என்று உறுதிசெய்வதும் இந்தப் படியிலேயே முடிய வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு 1987 இல் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அப்போது அது ஊனுண்ணி டைனோசராகவே வகைப்படுத்தப்பட்டது. அதன் கீழ்க்கால் எலும்பின் நீளம் சுமார் 2 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. அந்த வகைப்பாடு சரியென்று எடுத்துக்கொண்டிருந்தால், உலகின் எந்த ஊனுண்ணியும் அதன் அருகில் நிற்க முடியாது. பின்னர் அது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்பது தெளிவாயிற்று. எலும்புகள் நொறுங்கி அழிந்துவிட்டதால் இன்று படங்களையும் வரைபடங்களையும் வைத்துத்தான் பேச முடிகிறது. நம் மண்ணில் கிடைத்த அப்படியொரு எலும்பு இப்போது கைக்கு எட்டாமல் போனது உண்மையான இழப்பு. ஆக, எலும்பு பெரிதாக இருக்கிறது என்று பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னால், அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு என்ன சான்று என்று பாருங்கள்.

எவ்வளவு எலும்பு, எவ்வளவு வார்ப்பு?

அருங்காட்சியகத்தில் நிற்கும் எலும்புக்கூட்டில் எல்லாமே அசல் அல்ல. சூவின் உடலில் பொருத்தியிருக்கும் தலை ஒரு வார்ப்பு. அசல் மண்டையோடு நசுங்கியது, கனமானது என்பதால் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. நிற்கும் உருவத்தின் தலையைப் படமெடுத்து அளந்தால் வார்ப்பைச் செய்தவரின் கணிப்பைத்தான் அளக்கிறீர்கள்.

"எத்தனை சதவீதம் முழுமை" என்ற எண்ணையும் கவனமாகப் படிக்க வேண்டும். சூவில் கிடைத்தவை சுமார் 380 எலும்புகளில் 250. எண்ணிக்கைப்படி மூன்றில் இரண்டு பங்கு, கன அளவுப்படி சுமார் 90%. இரண்டும் சரியான எண்களே. ஒரு மாதிரிக்கு எண்ணிக்கைச் சதவீதத்தையும் இன்னொன்றுக்குக் கன அளவுச் சதவீதத்தையும் போட்டு ஒப்பிட்டால்தான் தவறு. நமக்கு இதைவிட முக்கியம், அளவு சொல்லும் எலும்புகள் இருக்கின்றனவா என்பது. விலா எலும்பு நூறு இருந்தும் தொடை எலும்பு இல்லையென்றால் எடைக் கணக்கு தள்ளாடும்.

இல்லாத பகுதியை நிரப்பும்போது எண் எப்படி ஆடும் என்பதற்கு ஜிகானோட்டோசாரஸ் மண்டையோடு நல்ல பாடம். எலும்புக்கூட்டில் சுமார் 70% கிடைத்தும் மண்டையோடு முழுதாகக் கிடைக்கவில்லை. இந்த இனத்தை முதலில் விவரித்த கோரியாவும் சல்காதோவும் 1995 இல் அதன் நீளத்தை 1.53 மீட்டர் என்றார்கள். 1998 இல் அது 1.80 மீட்டர் ஆனது. 2022 இல் மெராக்ஸஸ் என்ற நெருங்கிய உறவினம் விவரிக்கப்பட்டது. அதன் மண்டையோடு பெரும்பாலும் முழுமையாக, 1.27 மீட்டர் நீளத்தில் கிடைத்திருந்தது. அந்த விகிதத்தை வைத்துப் பார்த்தபோது ஜிகானோட்டோசாரஸுக்கு 1.63 மீட்டர் அளவில் வந்தது. எலும்பு அதேதான், 27 ஆண்டுகளில் மூன்று எண்கள். அதனால் கணித்த நீளங்களைத் தாளில் வேறு நிறத்தில் எழுதுங்கள்.

தொடை எலும்பை அளப்பது

இரண்டு காலில் நடந்த விலங்கின் முழு எடையும் இரண்டு தொடை எலும்புகள் வழியாகத்தான் தரைக்கு இறங்கியது. எடை கூடக்கூட அந்தத் தண்டு தடிமனாகியே ஆக வேண்டும். ஆகவே எடைக்கு நம்பகமான குறி நீளத்தைவிடச் சுற்றளவுதான். 1995 இல் ஜிகானோட்டோசாரஸ் தொடை எலும்பு 1.43 மீட்டர் என்று அறிவிக்கப்பட்டபோது, சூவின் சுமார் 1.32 மீட்டரோடு ஒப்பிட்டு "ரெக்ஸை மிஞ்சியது" என்ற செய்தி பரவியது. பிந்தைய அளவீடுகள் அந்த நீளத்தைக் குறைத்தன. குறைக்காமல் இருந்திருந்தாலும் நீண்ட எலும்பு என்றால் கனமான விலங்கு என்று ஆகாது. டி. ரெக்ஸின் தொடை எலும்பு நீளத்துக்கு ஏற்ற அளவைவிடத் தடிமனானது.

அளக்க வேண்டிய இடம் தண்டின் மிகக் குறுகிய பகுதி. பெரும்பாலும் அது நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே இருக்கும், ஆனால் "நடு" என்று கண்ணால் முடிவு செய்யக்கூடாது. டேப்பை எலும்பின் அச்சுக்குச் செங்குத்தாகச் சுற்றி, ஒவ்வொரு 2 செ.மீ. க்கும் ஒருமுறை அளந்து, மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். தொடைத் தசை ஒட்டியிருந்த மேடு டேப்புக்குள் வந்தால் அளவு கூடிவிடும், அங்கே அளக்காதீர்கள். டேப் சாய்ந்திருந்தாலும் கூடும். மூன்று முறை எடுத்து மூன்றையும் எழுதிவையுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. முதலாவது விரிசல். புதையுண்ட காலத்தில் வெடித்த எலும்பின் பிளவுகளில் கனிமம் புகுந்து நிறைந்து, எலும்பை வெளியே தள்ளியிருக்கும். அந்தக் கனிமக் கோடுகளின் அகலத்தைக் காலிப்பரால் அளந்து மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். இரண்டாவது நசுங்கல். தண்டின் குறுக்குவெட்டு தட்டையாகத் தெரிந்தால் மறுகால் எலும்பையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நசுங்காததை எடுங்கள். மூன்றாவது ஒட்டுவேலை. பிளாஸ்டரும் எபாக்ஸிப் பசையும் வைத்துச் சீர்செய்த இடத்தில் அளந்தால் அது விலங்கின் அளவே அல்ல.

தொட அனுமதியில்லாமல் படத்திலிருந்து அளக்கும்போது தூரம்தான் எதிரி. 30 செ.மீ. அளவுகோலை எலும்புக்கு 20 செ.மீ. முன்னால் வைத்து, எலும்பிலிருந்து 2 மீட்டர் தள்ளிப் படமெடுத்தால், அளவுகோல் 11% பெரிதாகத் தெரியும். எலும்பு 10% குறைந்து வரும். எடைக் கணக்கில் அதுவே 25% குறைவாகிவிடும். அதே அமைப்பை 6 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் நீளப் பிழை 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். அளவுகோலை எலும்பின் தளத்திலேயே வைக்க முடிந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

சுற்றளவிலிருந்து எடைக்கு

இரண்டு காலில் நடக்கும் விலங்குகளுக்கு இன்று பரவலாகப் பயன்படுவது கம்பியோனேவும் உடன் ஆய்வாளர்களும் 2014 இல் தந்த சமன்பாடு. சுற்றளவை மில்லிமீட்டரில் போட்டால் எடை கிராமில் வரும்:

மடக்கை(எடை) = 2.754 × மடக்கை(சுற்றளவு) − 0.683

சூவின் சுற்றளவு 580 மி.மீ. அதன் மடக்கை 2.7634. 2.754 ஆல் பெருக்கினால் 7.6105. 0.683 கழித்தால் 6.9275. 10 ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் ஏறத்தாழ 84,60,000 கிராம், அதாவது 8.46 டன். ஸ்காட்டிக்கு 590 மி.மீ. போட்டால் 8.87 டன். 2019 இல் ஸ்காட்டியை "மிகக் கனமான டி. ரெக்ஸ்" என்று அறிவித்த ஆய்வின் எண்கள் இவையே.

செய்யக்கூடிய தவறுகளைச் சொல்லிவிடுகிறோம். சுற்றளவைச் செ.மீ. இல் போட்டால் சூவின் எடை 15 கிலோ என்று வரும், உடனே தெரிந்துவிடும். இயல் மடக்கைப் (ln) பொத்தானை அழுத்தினால் விடை வானத்தைத் தொடும், அதுவும் தெரிந்துவிடும். தெரியாமல் போவது டன். அமெரிக்கப் பக்கங்களில் வரும் டன் பல நேரங்களில் 907 கிலோ, நாம் கணக்கிட்டது 1,000 கிலோ டன். ஒன்றை ஒன்றோடு கலந்தால் 10% பிழை சத்தமில்லாமல் நுழைந்துவிடும்.

பழைய நூல்களில் வேறு எண் இருந்தால் குழம்ப வேண்டாம். ஆண்டர்சன், ஹால்-மார்ட்டின், ரஸ்ஸல் மூவரும் 1985 இல் தந்த சூத்திரம் வேறு: 0.16 × சுற்றளவின் 2.73 ஆம் அடுக்கு. அதில் சூவைப் போட்டால் 5.6 டன் மட்டுமே. எலும்பும் டேப்பும் அதேதான், சூத்திரம் மாறியதால் கிட்டத்தட்ட 3 டன் வித்தியாசம். ஒரு விலங்குக்கு 1985 சூத்திரமும் மற்றொன்றுக்கு 2014 சூத்திரமும் கொண்ட பட்டியலைக் கண்டால் ஒதுக்கிவையுங்கள்.

பிழை வரம்பு: இங்கேதான் பெரும்பாலோர் நிறுத்தாமல் ஓடிவிடுகிறார்கள்

இந்தச் சமன்பாடு உயிரோடுள்ள விலங்குகளின் எலும்பையும் எடையையும் வைத்துப் பெறப்பட்டது. அந்த விலங்குகளுக்கே கணித்துப் பார்த்தால் சராசரியாக 25% தவறுகிறது. ஆகவே சூ 6.3 முதல் 10.6 டன் வரை, ஸ்காட்டி 6.7 முதல் 11.1 டன் வரை. இந்தக் கீழ், மேல் எல்லைகளுக்கு இடைப்பட்டதைப் பட்டை என்போம். இரண்டு பட்டைகளும் ஏறத்தாழ முழுமையாக ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. நடு எண்களுக்கிடையே 400 கிலோ, பட்டையின் அகலமோ 4 டன்னுக்கு மேல்.

அதற்காக இரண்டும் சமம் என்றும் சொல்லிவிட முடியாது. அந்த 25 சதவீதத்தில் ஒரு பகுதி, டி. ரெக்ஸ் என்ற இனம் சராசரி விலங்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதிலிருந்து வருகிறது. ஒரே இனத்தின் இரண்டு மாதிரிகளையும் அது ஒரே பக்கமாக இழுக்கும், ஒப்பீட்டில் ஓரளவு கழிந்துவிடும். சூவையும் ஜிகானோட்டோசாரஸையும் ஒப்பிடும்போது அந்தச் சலுகை கிடையாது. அங்கே முழுப் பட்டையையும் மதிக்க வேண்டும். நேர்மையாகச் சொல்லக்கூடியது இதுதான்: ஸ்காட்டியின் தொடை எலும்பு சூவினுடையதைவிட 10 மி.மீ. அதிகச் சுற்றளவுள்ளது. இது அளவீடு. "400 கிலோ அதிகம்" என்பது கணிப்பு. தவிர, சுற்றளவில் 1% தவறினால் எடையில் சுமார் 2.75% தவறும். டேப்பில் 5 மி.மீ. வழுக்கினாலே 200 கிலோ போய்விடும்.

இரண்டாவது வழி: உடலின் கன அளவு

சுற்றளவு வழியைத் தனியாக நம்பாமல், எலும்புக்கூட்டைச் சுற்றித் தசை போர்த்திக் கன அளவு பார்க்கும் வழியோடு ஒத்துப்பார்ப்பது வழக்கம். பக்கவாட்டு வரைபடமும் மேலிருந்து பார்க்கும் வரைபடமும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். உடலைச் சம நீளமுள்ள துண்டுகளாகக் குறுக்கே வெட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, நீள்வட்டமாகக் கொண்டு, 0.785 × உயரம் × அகலம் × துண்டின் நீளம் என்று பெருக்கிக் கூட்டுங்கள். கால்களையும் கைகளையும் தனியே கணக்கிட்டுச் சேருங்கள். வந்த கன அளவை அடர்த்தியால் பெருக்கினால் எடை. நுரையீரலும் காற்றுப்பைகளும் எலும்புக்குள்ளிருந்த காற்றறைகளும் இருந்ததால் உடற்பகுதிக்கு நீரைவிடக் குறைந்த அடர்த்தி, 0.85 முதல் 0.95 வரை எடுக்கலாம். கால்களுக்கு 1 க்கு அருகில்.

இதில் பலவீனம் அகலம். ஒரு துண்டு 1.6 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம், 20 செ.மீ. நீளம் என்று வைத்தால், 0.9 அடர்த்தியில் 271 கிலோ. அகலத்தை 10 செ.மீ. மட்டும் கூட்டினால் 294 கிலோ. மார்பும் வயிறும் சேர்ந்து இப்படி 15 துண்டுகள் என்றால் 340 கிலோ வித்தியாசம். விலா எலும்புகளைப் பொருத்தியவர் சற்று விரித்துப் பொருத்தினாரா, மடக்கிப் பொருத்தினாரா என்பதே இதைத் தீர்மானிக்கிறது. சூவிலேயே இது நடந்தது. வயிற்றுக்குக் கீழே தொங்கும் கூடை போன்ற வயிற்று விலா எலும்புகள் நெடுங்காலம் பொருத்தப்படாமல் இருந்தன. 2018 இல் அவற்றைச் சேர்த்து மறுபடி நிறுத்தியபோது விலங்கு முன்பைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி பருத்தது.

கணினியில் செய்பவர்கள் எலும்புக்கூட்டை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பகுதியையும் இறுக்கமான உறையால் மூடி, அந்தக் குறைந்தபட்ச உறையின்படி வரும் எடையை 1.21 ஆல் பெருக்குகிறார்கள். இந்தப் பெருக்கு எண் 2012 இல் இன்றைய பாலூட்டிகளின் எலும்புக்கூடுகளை வைத்துப் பெறப்பட்டது. ஹட்சின்சன் குழு 2011 இல் தசைப் போர்வையோடு செய்த மாதிரியில் சூ சுமார் 9.5 டன் வந்தது.

ஒரே கையால், ஒரே முறையில் வரையப்பட்ட மாதிரிகளை ஒப்பிடுவதே இந்த வழியின் உண்மையான பயன். எலும்புக்கூட்டு ஓவியர் ஸ்காட் ஹார்ட்மன் 2013 இல் அப்படிச் செய்தார். சூவுக்கு 8.4 டன், ஜிகானோட்டோசாரஸ் எலும்புக்கூட்டுக்கு 6.8 டன், தாடைத் துண்டின் சொந்தக்காரருக்கு 8.2 டன். தனித்தனி எண்கள் மேலோ கீழோ நகரலாம். ஆனால் தசையை ஒருவர் தாராளமாகவும் இன்னொருவர் கஞ்சத்தனமாகவும் போர்த்திய பிழை இதில் இல்லை. டி. ரெக்ஸும் ஜிகானோட்டோசாரஸும் பற்றிக் கேட்பவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது இந்த ஒப்பீட்டைத்தான்.

துண்டு எலும்பை வைத்துப் பெருக்கும்போது

எம்யுசிபிவி-95 தாடைத் துண்டு, எலும்புக்கூட்டின் தாடையைவிட 8% பெரியது என்று 1998 இல் கால்வோவும் கோரியாவும் கணித்தார்கள். இதை எடையாக்குவது எளிது: 1.08 × 1.08 × 1.08 = 1.26. அதாவது 8% நீளம் 26% எடை ஆகிறது. எளிது என்பதே இதில் ஆபத்து. ஒரே இனத்தில் கூட எல்லா உறுப்புகளும் ஒரே விகிதத்தில் பெரிதாவதில்லை. தாடையின் ஆழம் விலங்குக்கு விலங்கு மாறும், வயதோடும் மாறும். ஹார்ட்மன் தாடையை மறுபடி அளந்து வித்தியாசத்தை 6.5% அளவுக்குக் குறைத்தார். அந்த ஒன்றரைச் சதவீதம் மட்டுமே எடையில் 300 கிலோவுக்குக் குறையாது. தாடைத் துண்டு, தனிப்பல், ஒற்றை முள்ளெலும்பு போன்றவற்றுக்கு எடை நிரலில் எண்ணே போடாமல் "பெரிய விலங்கு இருந்ததற்குச் சான்று" என்று குறிப்பது சரி. தனிப்பல்லில் இன்னொரு தொல்லை, ஒரே வாயில் இடத்துக்கு இடம் பல்லின் அளவு மாறுகிறது.

எந்த உறவினரை அளவுகோலாக வைக்கிறீர்கள் என்பதும் முடிவை மாற்றும். குஜராத்தில் கிடைத்து 2003 இல் பெயரிடப்பட்ட ராஜாசாரஸுக்கு முதலில் 7.6 முதல் 9 மீட்டர் வரை சொல்லப்பட்டது. 2016 இல் அதன் சொந்தக் குடும்பத்தின் உடல் விகிதங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது 6.6 மீட்டராகச் சுருங்கியது.

ஸ்பைனோசாரஸ்: சூத்திரம் கைவிடும் இடம்

எகிப்தில் கிடைத்து 1915 இல் ஷ்ட்ரோமர் விவரித்த மூல எலும்புகள், 1944 ஏப்ரலில் மியூனிக் மீது நடந்த குண்டுவீச்சில் அழிந்தன. பிறகு கிடைத்தவை துண்டுகள். 98.8 செ.மீ. நீளமுள்ள ஒரு மூக்குத்துண்டை வைத்து 2005 இல் 16 முதல் 18 மீட்டர் என்றார்கள். 2007 இல் மண்டையோட்டு நீளத்திலிருந்து உடலைக் கணிக்கும் சமன்பாடு 12.6 முதல் 14.3 மீட்டர் என்றது, எடையோ 12 முதல் 20.9 டன். நீளம் குறைந்து எடை எகிறியது ஏன்? அந்தச் சமன்பாடு மற்ற ஊனுண்ணிகளின் தலைக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தில் கட்டப்பட்டது. முதலைபோல் நீண்ட முகம் கொண்ட விலங்கின் தலை நீளத்தை அதில் போட்டால், அந்தத் தலைக்கு ஏற்ற டி. ரெக்ஸ் வகை உடலை அது கற்பனை செய்துகொள்கிறது. அதே ஆய்வு ஜிகானோட்டோசாரஸுக்கும் 13.8 டன் தந்தது.

தொடைச் சுற்றளவும் இங்கே உதவாது. மொராக்கோவில் கிடைத்து 2014 இல் விவரிக்கப்பட்ட எலும்புக்கூட்டின் தொடை எலும்பு சுமார் 61 செ.மீ. மட்டுமே, உள்ளே குழியே இல்லாமல் கெட்டியானது. முழு வளர்ச்சி அடையாத விலங்கு அது. பின்னங்கால் இவ்வளவு குட்டையான உடலுக்கு, சாதாரண இருகாலிகளின் சமன்பாடு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள நியாயமில்லை. கெட்டி எலும்பு என்பதால் கன அளவு வழியில் அடர்த்தியையும் கூட்ட வேண்டும். 2022 இல் சிரினோ குழு எலும்புக்கூட்டை முழு மாதிரியாக்கிக் கணக்கிட்டதில் 14 மீட்டர், 7.4 டன் வந்தது. இப்போதைக்கு நிரலில் போட வேண்டியது இதுவே. நீளத்தில் இது முதலிடம், எடையில் அல்ல.

வயதும் எண்ணிக்கையும்

தொடை எலும்பை அறுத்து மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் ஆண்டுதோறும் வளர்ச்சி நின்ற கோடுகள் தெரியும். வெளி விளிம்பில் அந்தக் கோடுகள் நெருக்கமாக அடுக்கியிருந்தால் வளர்ச்சி முடிந்துவிட்டது. 2004 ஆய்வின்படி சூ இறக்கும்போது வயது 28. மெராக்ஸஸுக்கு 39 முதல் 53 வரை. வளர்ந்து முடித்த விலங்கையும் வளர்ந்துகொண்டிருந்த விலங்கையும் ஒப்பிட்டு இனங்களைத் தரவரிசைப்படுத்தாதீர்கள். வயதுச் சான்று இல்லாத மாதிரிக்கு அந்த நிரலை வெறுமையாகவே விடுங்கள்.

எண்ணிக்கை இன்னும் பெரிய விஷயம். டி. ரெக்ஸுக்குப் பல டஜன் மாதிரிகள் இருக்கின்றன. ஜிகானோட்டோசாரஸுக்கு ஓர் எலும்புக்கூடும் ஒரு தாடைத் துண்டும்தான். அதிகம் தோண்டிய இடத்தில் அதிகப் பெரியது கிடைப்பது இயல்பு. மாலனும் ஹோனும் 2024 இல் கணினியில் ஒரு டி. ரெக்ஸ் கூட்டத்தையே உருவாக்கிப் பார்த்தார்கள். வாழ்ந்தவற்றில் மிகப் பெரியது, இன்று நமக்குத் தெரிந்த மிகப் பெரியதைவிட 70% வரை கனமாக இருந்திருக்கலாம் என்று அது காட்டியது. டி. ரெக்ஸுக்கே இந்த நிலை என்றால், ஒற்றை எலும்புக்கூடு உள்ள இனத்தின் "உச்ச எடை" பற்றிப் பேச நம்மிடம் எதுவுமே இல்லை. அந்த ஒற்றை விலங்கு தன் கூட்டத்தில் சராசரியா, குள்ளமா, ராட்சதமா என்று எலும்பு சொல்லாது. ஆகவே உச்சத்தை உச்சத்தோடு ஒப்பிடாதீர்கள். ஜிகானோட்டோசாரஸ் எலும்புக்கூட்டை நடுத்தர அளவுள்ள டி. ரெக்ஸ் மாதிரிகளோடும் வைத்துப் பாருங்கள்.

முடிவை எழுதும் முறை

ஒவ்வொரு வரியிலும் மாதிரியின் எண், அளந்த எலும்பு, பயன்படுத்திய முறை, நடு எண், பட்டை, ஆண்டு ஆகிய ஆறும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டு: "எஃப்எம்என்எச் பிஆர் 2081, தொடைச் சுற்றளவு 580 மி.மீ., 2014 இருகாலிச் சமன்பாடு, 8.5 டன், 6.3–10.6." எடையை ஒரு தசம இடத்தோடு நிறுத்துங்கள். 8,462 கிலோ என்று எழுதினால் தராசில் நிறுத்தியதுபோல் தோன்றும்.

பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் "பெரியது" என்ற சொல்லை எடைக்குப் பயன்படுத்தாமல், அளந்த எலும்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள்: "ஸ்காட்டியின் தொடை எலும்பு சூவினுடையதைவிடத் தடிமனானது". அந்த வகையில் இன்றுள்ள எலும்புகளை வைத்து எழுதினால், எடையின் நடு எண்களில் பெரிய டி. ரெக்ஸ் மாதிரிகள் முன்னால் நிற்கின்றன. ஜிகானோட்டோசாரஸ் எலும்புக்கூடு அவற்றுக்குக் கீழே வந்தாலும் பட்டைகள் உரசிக்கொள்கின்றன. அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் அந்த இனத்தின் இன்னொரு தொடை எலும்பு கிடைத்தால் முதலில் மாற்ற வேண்டியது இந்த வரியைத்தான்.